ஞாயிறு பூசையும் விடியக்காலை அலையும்: திருகோணமலையில் சேர்ஃபிங் செய்யிற கிறிஸ்தவர்களுக்கு

#1 புதுலீஷ்

வணக்கம். எங்கட பங்கு இளைஞர் ஒன்றியத்தில எட்டுப் பேர் சேர்ஃபிங் (அலைச்சறுக்கு) பழகிறம். ரெண்டு சொஃப்ட்-டொப் (மேல்பக்கம் மெத்தெண்ட போர்ட்), ஒரு வெள்ளைக்காரர் விட்டிட்டுப் போன பழைய போர்ட், அவ்வளவுதான் சாமான். மார்கழி, தையில திருகோணமலை உப்புவெளிக் கரை. ஆவணியில ஒரு கிழமை தெற்கில பொத்துவிலுக்குக் கிட்ட இருக்கிற அறுகம்பைக்குப் போக யோசனை.

கேக்க இருக்கிறது இதுதான். நல்ல அலை ஞாயிறு விடியத்தான் வருது, பூசையும் அப்பதான். எப்பிடிச் சரிக்கட்டுறது? இறங்க முதல் சேர்ந்து செபிக்கலாமா, கரையில நிக்கிற மற்றச் சனம் என்ன நினைக்கும்? எங்கட சமயம் இல்லாத பக்கத்து வீட்டுப் பெடியளும் பழக்கச் சொல்லிக் கேக்கினம். ஆற்றையும் சாட்சிக் கதை வேண்டாம், செய்யக்கூடியதைச் சொல்லுங்கோ.

#2 வாடைக்கடல்

தம்பி, "ஞாயிறு விடியத்தான் நல்ல அலை" எண்ட கணக்கை முதல்ல திருத்துவம். அலைக்குக் கிழமை தெரியாது. விடிய நல்லாயிருக்கிறது காற்றால. இரவு தரை குளிர்ந்து கரைக்காற்று கடல் பக்கம் மெல்லமா வீசும், அலையின்ர முகம் வழுவழுப்பா நிக்கும். பத்து மணியளவில தரை சூடேறக் கடற்காற்று திரும்பி அடிச்சு முகத்தைக் குலைச்சுப் போடும். பின்னேரம் காற்று விழுந்தால் இருட்ட முதல் இன்னொருக்கா கிடைக்கும். அறுகம்பையில இந்தக் கணக்கு ஏழு நாளும் ஒண்டுதான்.

திருகோணமலையில வாடை காலத்தில கதை வேற. கார்த்திகை தொடக்கம் தை மட்டும் வடகீழ்க் காற்று நேரே கரைக்கு அடிக்கும். வங்காள விரிகுடாவுக்குள்ளேயே காற்று கிளப்பிற அலை அது, ஒரு அலைக்கும் அடுத்ததுக்கும் 6, 7 செக்கன்தான் இடைவெளி. அறுகம்பைக்கு வாறது தென் சமுத்திரத்தில பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடி வாறது, இடைவெளி 12 தொடக்கம் 16 செக்கன். அதனாலதான் ஒரே ஒரு மீற்றர் உயரம் எண்டு போட்டிருந்தாலும் அங்க தள்ளுற தள்ளு வேற, இங்க வேற. உப்புவெளிக்கு நல்லது, காற்று ரெண்டு மூண்டு நாள் அடிச்சிட்டு ஓயிற அந்த இடைவெளி. அது செவ்வாயும் வரும், வியாழனும் வரும். ஞாயிறில பழி போட வழியில்லை.

பூசைக்கு வருவம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1248 தெளிவாச் சொல்லுது: ஞாயிறு கடமையை அந்த நாளிலயோ, முதல் நாள் மாலையிலயோ பூசை கண்டு நிறைவேற்றலாம். சனி பின்னேரப் பூசை குறைஞ்ச பூசை இல்லை. அறுகம்பைப் பயணத்துக்கு ஏ15 றோட்டால மட்டக்களப்பு, அங்கயிருந்து ஏ4ஆல பொத்துவில், மொத்தம் 240 கிலோமீற்றர் அளவில வரும். சனி காலமை வெளிக்கிட்டு, வழியில மட்டக்களப்பில மாலைப் பூசையைக் கண்டிட்டுப் போங்கோ. புளியந்தீவில மரியன்னை பேராலயம் இருக்கு. நேரத்தை முதலே போன் எடுத்துக் கேக்கிறது நல்லது, திருவிழாக் காலத்தில மாறும். பெரிய பையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள்ள போகாதேங்கோ. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு வாசலில பை பாக்கிறது வழக்கமாப் போச்சு. ஏழடிப் போர்ட் பையைக் கண்டால் ஆரும் பதறத்தான் செய்வினம். அது வாகனத்திலயே கிடக்கட்டும்.

இன்னொண்டு, ஆவணி (ஆகஸ்ட்) 15 மடு மாதா திருவிழா. வீட்டில ஆரும் மடுவுக்குப் போற ஆக்களெண்டால் அந்தக் கிழமையைப் பயணத்துக்குப் பிடிக்காதேங்கோ. அம்மாமாரோட சண்டை பிடிச்சுத் தொடங்கிற பயணம் சரிவராது.

#3 சங்கீதக்காரன்

வாடைக்கடல் அண்ணை, உங்களுக்குச் சனி மாலை இருக்கு. மெதடிஸ்த, அங்கிலிக்கன் ஆக்களுக்குப் பெரும்பாலும் ஞாயிறு காலை ஆராதனை ஒண்டுதான். ரோமர் 14:5ஐக் காட்டி "எல்லா நாளும் ஒண்டுதானே" எண்டு சொல்லிக் கடலுக்கு ஓடுற பெடியள் இருக்கினம். பவுல் அங்க நாளுக்காக ஒருத்தரை ஒருத்தர் நியாயந்தீர்க்க வேண்டாம் எண்டுதான் சொல்லுறார். கூடிவாறதை விடச் சொல்லேல்ல. எபிரெயர் 10:25ஐயும் பக்கத்தில வைச்சு வாசிக்கோணும்.

ஆறு மணிக்கு வெளிச்சம், ஏழு மணி மட்டும் அலை, பிறகு குளிச்சு ஆராதனைக்கு எண்டு கணக்குப் போடலாம். தாளில சரி. கடலில "கடைசி அலை" எண்டு ஒண்டு இல்லை, கரையேற அரை மணித்தியாலம் பிந்தும். ஆகவே ஒரு கட்டுப்பாடு வையுங்கோ: பாடகர் குழு, ஞாயிறு பாடசாலை, வாசிப்பு, இதில ஒண்டில பேர் இருக்கிறவர் அண்டு காலமை இறங்கிறேல்ல. மற்றவை இறங்கலாம், ஆனா கரையில மணிக்கூட்டோட நிக்கிற ஒராள் கூப்பிட்டால் உடனே வெளியே.

ஒரு சின்னச் சங்கதி. அலைக்குள்ள உருண்டவருக்கு மூக்கின் உள்ளறையளில உப்புத்தண்ணி தங்கும். ஒரு மணித்தியாலம் கழிச்சு, தலை குனிஞ்சு ஜெபிக்கேக்க, பாட்டுப் புத்தகத்தில கொட்டும். கரையை விட முதல் இடுப்பை வளைச்சுத் தலையைக் கீழ விட்டு இடமும் வலமும் நாலைஞ்சு தரம் திருப்புங்கோ, பிறகு மெல்லமாச் சிந்துங்கோ. பலமாச் சிந்தினால் தண்ணி காதுக்கு ஏறும்.

#4 சம்மாட்டிவீடு

காலைக் கடல் உங்களுக்கு மட்டும் இல்லைப் பிள்ளையள். பங்குனி தொடக்கம் புரட்டாதி வரை நிலாவெளி, உப்புவெளிக் கரையளில கரைவலை இழுப்பினம். ரெண்டு கயிறும் தூர தூரக் கரையேறும், நடுவில கடலுக்குள்ள வலை வளைஞ்சு நிக்கும், இழுக்க இழுக்க ரெண்டு பக்கத்து ஆக்களும் கிட்டக் கிட்ட வருவினம், கடைசியா மீன் சேர்ற பையான மடி வரும். அந்த வளைவுக்குள்ள போர்டோட போனால் மீன் வெருண்டு கலையும். போர்டின்ர அடியில இருக்கிற ஃபின் வலையில கொழுவினால் வலையும் கிழியும், லீஷ் (போர்டையும் காலையும் தொடுக்கிற கயிறு) கட்டின காலும் மாட்டும். கயிறு தண்ணிக்குள்ள போறதைக் கண்டால் மடி கரைக்கு வரும் மட்டும் இறங்காதேங்கோ. அதுக்குள்ள சும்மா நிக்காமல் கயிற்றைப் பிடிச்சு இழுங்கோ. கறிக்கு நாலு மீன் தருவினம், உங்களையும் ஆரெண்டு தெரிஞ்சுகொள்ளுவினம். பிறகொருநாள் உங்களில ஒருத்தரை நீரோட்டம் இழுத்தால் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வரப்போறவையும் இவைதான்.

வள்ளம் கரையேறுற பாதையில நடுவில போய்க் குந்தியிருக்கவும் வேண்டாம். எஞ்சினைத் தூக்கிப்போட்டு அலையோட வாற வள்ளத்துக்கு பிறேக் இல்லை.

#5 வாடைக்கடல்

செபம் பற்றிக் கேட்டனி. நான் சொல்லுறது கொஞ்சம் விசித்திரமாத் தெரியும், ஆனா வேலை செய்யும். கடலுக்கு இறங்க முதல் கரையில நிண்டு 15, 20 நிமிசம் கடலைப் பாக்கோணும் எண்டு எந்தப் பயிற்றுனரும் சொல்லுவார். ஒருத்தரும் நிக்கமாட்டினம், அஞ்சு நிமிசத்தில அந்தரப்பட்டு ஓடுவினம். செபமாலை ஐந்து பத்தும் சொல்ல அதே 15, 20 நிமிசம்தான். கண்ணைத் திறந்து, முகத்தைக் கடலுக்குக் குடுத்து, நிண்டபடி சொல்லுங்கோ. அதுக்குள்ள பெரிய அலைக் கூட்டம் ரெண்டு மூண்டு வந்து போகும். எந்தப் பத்தில வந்தது, எத்தனை அலை, எங்க உடைஞ்சுது எண்டு விரலுக்குத் தெரியும்.

கூடவே மூண்டைப் பாருங்கோ. அலை உடையாமல் கறுப்பாத் தெரியிற ஒடுங்கின பாதை எங்க இருக்கு? அங்கதான் தண்ணி வெளியே இழுக்கும். நுரையும் கலங்கின மணலும் எந்தப் பக்கம் ஓடுது? ஏற்கெனவே உள்ளுக்க இருக்கிறவர் இறங்கின இடத்தில இருந்து எவ்வளவு தூரம் அள்ளுப்பட்டிருக்கிறார்? வாடைக் கடலில தெற்குப் பக்கம் அள்ளுறது கூட. ஹோட்டல் மதில், தென்னை எண்டு கரையில ஒரு அடையாளத்தைப் பிடிச்சு வையுங்கோ.

உள்ளுக்க போனாப் பிறகு கண்ணை மூடிச் செபிக்கிற வேலை வேண்டாம். அடிவானத்தைப் பாத்துக்கொண்டு "ஆண்டவரே" எண்டு ஒரு வார்த்தை போதும்.

#6 சங்கீதக்காரன்

செபமாலை இல்லாத எங்களுக்கு 107ஆம் சங்கீதம் இருக்கு, கப்பலில போறவை அலையில தத்தளிக்கிற பகுதி 23ஆம் வசனத்தில தொடங்கும். ஆனா முழுதும் வாசிக்க அஞ்சு நிமிசம் காணும். அதோட 93, 46, 29 எல்லாம் சேர்த்தால் பதினைஞ்சுக்குக் கிட்ட வரும். புத்தகத்தைப் பாத்து வாசிச்சால் கடலைப் பாக்கேலாது, ஒராள் வாசிக்க மற்றவை கடலைப் பாக்கட்டும்.

#7 அலைவிசுவாசி

இவ்வளவு கணக்கு என்னத்துக்கு? விசுவாசத்தோட இறங்கினால் ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார். பேதுரு என்ன லீஷ் கட்டிக்கொண்டோ தண்ணியில நடந்தவர்?

#8 சங்கீதக்காரன்

பேதுரு தண்ணிக்குள்ள தாழத் தொடங்கினவர். மத்தேயு 14:30ஐயும் சேர்த்து வாசியுங்கோ.

#9 வாடைக்கடல்

அதே மத்தேயு 4ஆம் அதிகாரத்தில கோயில் உச்சியில இருந்து குதி, தூதர் தாங்குவினம் எண்டு சொன்னது ஆர் எண்டும் பாருங்கோ. லீஷைப் பாக்காமல் இறங்கிறதும் அந்தக் குதிப்புத்தான்.

லீஷ் போர்ட் நீளம் அளவு இருக்கோணும், எட்டடிப் போர்டுக்கு எட்டடி. பின்னுக்கு வைக்கிற காலில, கணுக்காலில, இறப்பர் வெளிப்பக்கம் பாக்கிற மாதிரிக் கட்டுங்கோ. ஒவ்வொரு முறையும் கயிற்றை விரலுக்குள்ள விட்டு இழுத்துப் பாக்க வெடிப்பு, பள்ளம் தட்டுப்படும். தட்டினால் அந்த லீஷ் முடிஞ்சுது. வெல்குறோவுக்குள்ள மணல் அடைஞ்சால் பிடிக்காது, நல்ல தண்ணியில பழைய பல்துலக்கியால தேய்க்கோணும். போர்டில கட்டுற நூலை நீட்டா விட்டால் அது விளிம்பில வெட்டி ஃபைபரைக் கிழிக்கும், விளிம்புக்குள்ள நிக்கிற அளவுக்குக் கட்டையாக் கட்டுங்கோ.

நீரோட்டம் இழுத்தால் கரையைப் பாத்து நீந்தாதேங்கோ, ஆள் களைச்சுத்தான் தாழுறது. போர்டை விடாமல் படுத்து, கரைக்குச் சமாந்தரமாப் பக்கவாட்டில துடுப்புப்போட்டு, அலை உடையிற இடத்துக்கு வந்து அந்த நுரையோட கரைக்கு வாங்கோ.

அதைவிட ஏமாத்திறது ஆனி, ஆடி, ஆவணி மாதத்துத் திருகோணமலைக் கடல். குளம் மாதிரிக் கிடக்கும். ஆனா கச்சான் காற்று தரையில இருந்து கடலுக்கு அடிக்கும். கரையோரம் தெரியாது, நூறு மீற்றர் வெளியே போனால் சொஃப்ட்-டொப்பைக் கடதாசி மாதிரித் தள்ளும். அந்த மாதங்களில இடுப்பளவு தண்ணிக்கு மேல பழகாதவையை விடக்கூடாது.

வீட்டில பயப்பிட்டால் விசுவாசம் காணாது எண்டு சொல்லிப்போடாதேங்கோ. 2004 மார்கழி (டிசம்பர்) 26, அதுவும் ஒரு ஞாயிறுதான். அதுக்குப் பிறகு கடற்கரைக்கே போகாத தாய்மார் இந்த ஊரில இருக்கினம். ஆர் ஆர் போயினம், எந்தக் கரை, எத்தனை மணிக்குத் திரும்புவினம் எண்டு எழுதி வீட்டில குடுத்திட்டுப் போங்கோ. எழுதின நேரத்துக்குத் திரும்பி வாங்கோ.

#10 கடற்புறா

உடுப்பு, சங்கிலி பற்றி ஆரும் சொல்லேல்ல, நான் சொல்லுறன்.

கழுத்தில செபமாலை, குருசுச் சங்கிலியோட இறங்கவேண்டாம். படுத்துத் துடுப்புப்போடேக்க குருசு போர்டுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவில நசிஞ்சு தோலை வெட்டும். விழுந்து எழும்பேக்க நூல் செபமாலை கழுத்தைச் சுற்றும். உத்தரியம் (கழுத்தில போடுற பக்தித் துணி) போடுறவைக்கு: கம்பளித்துணி உப்பில ஊறிக் காய்ஞ்சால் கழுத்து புண்ணாகும். துணி உத்தரியத்துக்குப் பதிலா உத்தரியப் பதக்கம் போட 1910இல பத்தாம் பயஸ் பாப்பரசர் அனுமதி குடுத்தவர், அது உடுப்புக்குள்ள தைச்சுக்கொள்ளலாம். மோதிரமும் கழற்றுங்கோ. லீஷ் கயிறு விரலில சுற்றி இழுத்தால் மோதிரம் விரலோட வரும். அதே காரணத்துக்காக லீஷைக் கையில சுற்றிப் பிடிக்கவும் கூடாது.

பொம்பிளைப் பிள்ளையளுக்கு: நீளக் கை ராஷ்கார்ட் (உடம்போட ஒட்டிற கடல் சட்டை), முழங்காலுக்குக் கீழ லெக்கின்ஸ். தொளதொள ரீசேட் வேண்டாம், தண்ணி பிடிச்சுத் தலைக்கு மேல ஏறிக் கையைக் கட்டிப்போடும். மறைவாயும் இருக்கும், போர்டில பூசுற வாக்ஸ் வயிற்றை உரஞ்சாது, வெயிலும் சுடாது. 2018இல அறுகம்பையில பெண்களுக்கெண்டு சேர்ஃப் கிளப் தொடங்கினவை, வீட்டில ஓம் எண்டு சொல்லவைக்க அதைக் காட்டலாம். கரையில உடுப்பு மாற்ற ரெண்டு பெரிய துவாயைச் சேர்த்துக் கழுத்துக்கு இறப்பர் போட்டுத் தைச்சால் காணும். ஈர உடுப்போட ஊருக்குள்ளாலயோ கோயில் வீதியாலயோ நடக்கிறது சரியில்லை, எந்தக் கோயிலெண்டாலும்.

#11 புதுலீஷ்

நன்றி அக்கா. பக்கத்து வீட்டுப் பெடியள் விசயம்?

#12 கடற்புறா

அதில கவனமா இருங்கோ தம்பி. சைவம், இஸ்லாம், பௌத்தம், நாங்கள், எல்லாரும் ஒரே கரையில இருக்கிற ஊர். இலவசமாச் சேர்ஃபிங் பழக்கி, முடிவில ஒரு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு பிஸ்கட் பக்கெற் எண்டு வைச்சால் மதம் மாத்த வந்தவை எண்டுதான் சனம் கதைக்கும். அப்பிடிக் கதைக்கிறது முழுப் பிழையும் இல்லை. பிள்ளைக்கு அலை வேணும், அதைத் தூண்டிலாப் போடக்கூடாது.

நான் சொல்லுற முறை: செபம் உங்கட எட்டுப் பேருக்கு, கோயில் வளவுக்குள்ள, பழக்கிற நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி. கரையில பழக்கம் மட்டும். தாயோ தகப்பனோ நேரில வந்து சம்மதம் சொல்லோணும், முதல் நாள் கரையில நிண்டு பாக்கோணும். பழக்கிற ஒராளுக்கு நாலு பிள்ளைக்கு மேல வேண்டாம், எப்பவும் பெரியாக்கள் ரெண்டு பேர், அதில ஒராள் தண்ணிக்குள்ள இறங்காமல் தலை எண்ணிக்கொண்டு நிக்கோணும். நிக்காமல் 200 மீற்றர் நீந்தத் தெரியாத பிள்ளைக்குப் போர்ட் இல்லை, முதல்ல நீச்சல். வெள்ளி மத்தியானம் வைச்சால் முஸ்லிம் பிள்ளையள் வரேலாது. பூசைக்கு இவ்வளவு கணக்குப் பாக்கிறம், தொழுகைக்கும் பாப்பம். ஏன் இதெல்லாம் செய்யிறியள் எண்டு தாய் தகப்பன் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கோ, ஒளிக்க வேண்டாம். கேக்காதவைக்குச் சொல்லவும் வேண்டாம்.

#13 அலைவிசுவாசி

அப்ப சாட்சியே சொல்லக்கூடாதோ? 1970களில ஆஸ்திரேலியாவில தொடங்கின கிறிஸ்டியன் சேர்ஃபர்ஸ் ஆக்கள் சேர்ஃபருக்குள்ள ஊழியம் செய்யத்தானே வந்தவை?

#14 வாடைக்கடல்

சொல்லலாம், கரையில, தேத்தண்ணிக் கடையில. அலைக்குக் காத்திருக்கிறவர் எழும்பிப் போகேலாத ஆள், அவரைப் பிடிச்சுவைச்சுப் பிரசங்கம் பண்ணக்கூடாது.

கடலில சாட்சி வேற மாதிரி. அலை உடையத் தொடங்கிற உச்சிக்கு ஆர் கிட்டவோ அலை அவருக்கு. அவர் எழும்பினாப் பிறகு முன்னால விழுந்து ஏறுறது களவு. அவரைச் சுத்திக்கொண்டு போய் உச்சிக்குக் கிட்டக் குந்திறதும் களவுதான், கொஞ்சம் படிச்ச களவு. அறுகம்பையின்ர முக்கிய இடமான மெயின் பொயின்ற் வலப்பக்கம் உடையிற அலை. வெளியே போகேக்க ஓடி வாறவருக்குக் குறுக்கால போகாமல் அகலச் சுத்திப் போங்கோ. பிடிபட்டுட்டால் அவர்ர பாதையை விட்டு நுரைக்குள்ள போங்கோ, அடி உங்களுக்கு விழட்டும். பெரிய அலையைக் கண்டு போர்டைக் கைவிட்டுட்டுத் தான் மட்டும் முங்கக்கூடாது. எட்டடிப் போர்ட், எட்டடி லீஷ், ஆளின்ர காலும் சேர்த்தால் பின்னுக்கு வாறவருக்கு இருபதடி ஆபத்து.

நீளப் போர்ட்காரர் தூரத்திலேயே எல்லா அலையையும் பிடிச்சுப் போடலாம், சட்டமும் அவை பக்கம். லேவியர் 19:9-10இல வயலின்ர ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விடச் சொல்லிக் கிடக்கு. ரெண்டு பிடிச்சால் மூண்டாவதை விடுங்கோ. நாள் முழுக்க ஒண்டும் கிடைக்காமல் உள்பக்கம் நிக்கிற பெடியனைக் கூப்பிட்டு "இது உனக்கு, போ" எண்டு சொல்லுங்கோ. போர்டில கிறிஸ்தவ மீன் சின்னம் ஒட்டின ஆள் முன்னால விழுந்து ஏறினால் அந்தச் சின்னத்தைச் சுரண்டிப்போடுறது நல்லது.

#15 புதுலீஷ்

சரி அண்ணை. இன்னொண்டு, தலைப்புக்கு வெளியே. பழைய போர்ட் மூக்கில வெடிச்சுத் தண்ணி குடிக்குது. வள்ளத்துக்குப் பூசுற ரெசின் கொஞ்சம் இருக்கு, பூசவோ?

#16 சம்மாட்டிவீடு

பொறு, பூசாதை! உள்ளுக்க என்ன ஃபோம் எண்டு முதல்ல பார். வள்ளத்து ரெசின் பொலியெஸ்ரர், அதில ஸ்ரைறீன் இருக்கு. பொலியூரித்தேன் ஃபோமுக்குப் பிரச்சினை இல்லை. ரீவிப் பெட்டிக்குள்ள வாற மாதிரி வெள்ளை உருண்டை உருண்டையா இருந்தால் அது ஈபிஎஸ், பொலியெஸ்ரர் பட்டால் கரைஞ்சு குழி விழும். தெரியாட்டி எப்பொக்ஸி வாங்கு, ரெண்டுக்கும் ஒத்துவரும்.

நல்ல தண்ணியில கழுவி, வெடிப்பைக் கீழ விட்டு நிழலில ரெண்டு மூண்டு நாள் காயவிடு. வெயிலில வைச்சால் உள்ளுக்க காற்று பொங்கித் தோல் கழரும். கழண்ட ஃபைபரை வெட்டி எடு, 80ஆம் நம்பர் மட்டத்தாளால வெடிப்பைச் சுத்தி ரெண்டு அங்குலம் உரஞ்சு. ரெண்டு துண்டு ஃபைபர் துணி, முதல் துண்டு சின்னன், மேல் துண்டு ஒரு சென்ரிமீற்றர் பெரிசு. பொலியெஸ்ரரெண்டால் 100 கிராமுக்கு ஹார்ட்னர் 1 கிராம் போதும். எங்கட வெக்கைக்கு 2 போட்டால் பூச முதலே கோப்பைக்குள்ள புகைச்சு இறுகும். எப்பொக்ஸிக்கு ரின்னில போட்ட விகிதத்தை அப்பிடியே நிறு, கூட்டினால் கெதியா இறுகாது, இறுகாமலே கிடக்கும்.

#17 புதுலீஷ்

நன்றி. கடைசிக் கேள்வி: ஒருசந்தி (நோன்பு) நாளில இறங்கலாமோ?

#18 வாடைக்கடல்

சட்டப்படி நோன்பு விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும், 18 வயசு தொடக்கம் 59 வயசு நிறையும் மட்டும். ஒரு முழுச் சாப்பாடு, ரெண்டு சின்னச் சாப்பாடு. இறைச்சி தவிர்க்கிறது 14 வயசில தொடங்கும். தண்ணி, இளநீர், ஜீவனிக் கரைசல் (உப்பும் சீனியும் கலந்த மருந்துக் கரைசல்) நோன்பை முறிக்காது. நற்கருணைக்கு முந்தின ஒரு மணித்தியாலம் மட்டும் தண்ணியும் மருந்தும் தவிர ஒண்டும் இல்லை. கடல் நோன்பை முறிக்காது, ஆனா வெறும் வயிற்றோட ரெண்டு மணித்தியாலம் துடுப்புப்போட்டால் தோள் முதல்ல விடும், பிறகு கால் இழுக்கும். ஒருசந்தியெண்டால் அரை மணித்தியாலத்தோட ஏறுங்கோ.

தவக்காலத்தில எங்கட கடல் எப்பிடியும் படுத்திடும், வாடையும் முடிஞ்சு அறுகம்பையும் தொடங்காத நேரம். நீச்சல் பழக்க அதைவிட நல்ல காலம் இல்லை. பெரிய வெள்ளி மட்டும் போர்டைத் தொடாதேங்கோ. ரெசின் பூசவும் வேண்டாம், அந்த மணத்தோட பின்னேரம் மூண்டு மணி வழிபாட்டில பக்கத்தில ஒருத்தரும் இருக்கமாட்டினம்.